‘தலையில் அடிபட்டவர் அப்படித்தான் இருப்பார்’: ஒரு சமையல் மாஸ்டரின் இரண்டு ஆண்டுகள்

நோயாளி 44 வயது ஆண். திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கிராமம். கல்யாணம், காதுகுத்து, கிடாவெட்டு என்று சமையல் ஒப்பந்தம் எடுத்துச் செய்யும் மாஸ்டர். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லை. வெற்றிலை போடுவார், குடி கிடையாது. வீட்டில் மனைவி, கல்லூரிக்குப் போகும் மகன், பள்ளிக்கூடம் போகும் மகள், அவருடைய அம்மா.

ஆவணி முகூர்த்தம் ஒன்றுக்கு மதுரையில் இரவு முழுக்க நின்று சமைத்திருக்கிறார். மறுநாள் இரவு, பாத்திரக் கணக்கை முடித்துவிட்டு பைக்கில் ஊர் திரும்பும்போது, நாலு வழிச்சாலையில் நாய் குறுக்கே வந்து விழுந்துவிட்டார். தலையில் ஹெல்மெட் இருந்தது, ஆனால் தாடை வாரை மாட்டவில்லை. விழுந்த வேகத்தில் ஹெல்மெட் தனியாகக் கழன்று போய்விட்டது.

அறுவை சிகிச்சை அவர் உயிரைக் காப்பாற்றியது. நான் எழுத நினைத்தது அதற்குப் பிறகான இரண்டு ஆண்டுகளைப் பற்றி. அந்தக் காலத்தில் அவருக்கு ஒன்று மாற்றி ஒன்றாகப் பிரச்சினைகள் வந்தன. ஒவ்வொரு முறையும் சொந்தக்காரர்களில் ஒருவரோ, சில சமயம் மருத்துவத் துறையில் இருப்பவரோ சொன்ன வார்த்தை ஒன்றுதான்: “தலையில் அடிபட்டவர் அப்படித்தான் இருப்பார்.” ஒவ்வொரு முறையும் அதற்குத் தனியாக ஒரு காரணம் இருந்தது. பெரும்பாலானவற்றுக்கு சிகிச்சையும் இருந்தது.

நான் அந்தப் பகுதியில் பொது மருத்துவர். டிஸ்சார்ஜ் ஆனதிலிருந்து அவரைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். மருத்துவமனையில் நடந்ததை அங்கு கொடுத்த காகிதங்களிலிருந்தும், குடும்பத்தார் சொன்னதிலிருந்தும் எழுதுகிறேன். குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் இரவு

108 வந்து ஏற்றியபோது கண் திறக்கவில்லை, முனகல் மட்டும் இருந்தது. அவசரப் பிரிவில் நினைவு நிலைக்கான கிளாஸ்கோ மதிப்பெண் 15-க்கு 7. இந்த அளவுகோலில் 8-ம் அதற்குக் கீழும் கடுமையான தலைக்காயம். வலது கண்மணி விரிந்திருந்தது, இரண்டு கண்களைச் சுற்றியும் கருநீல வீக்கம், மூக்கில் ரத்தத்தோடு கலந்து தண்ணீர் போல ஒழுக்கு. மண்டையின் அடித்தளம் முன்பக்கம் உடைந்திருக்கிறது என்பதற்கு இந்த இரண்டும் அடையாளம். அதனால் வயிற்றுக்குப் போகும் குழாயை மூக்கு வழியாகப் போடாமல் வாய் வழியாகப் போட்டார்கள். உடைந்த அடித்தளம் வழியாக அந்தக் குழாய் மூளைக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. அந்த அவசரத்திலும் இதைக் கவனித்துச் செய்தவர்களைப் பாராட்ட வேண்டும்.

சிடி ஸ்கேனில் வலது பக்கம் மூளை உறைக்கு அடியில் பெரிய ரத்தக்கட்டு, மூளையின் நடுக்கோடு 9 மிமீ இடப்பக்கம் தள்ளியிருந்தது. நெற்றிக்குப் பின்னால் இரண்டு பக்க மூளையிலும் கன்றிய காயம். அன்று இரவே மண்டை ஓட்டின் வலது பக்கத்தைத் திறந்து ரத்தக்கட்டை எடுத்தார்கள். மூளை வீங்கியிருந்ததால் எலும்பைத் திரும்ப வைத்து மூடவில்லை. அந்த எலும்புத் துண்டை அவருடைய வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைத்தார்கள். ஊரில் இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லையாம். நம் பக்கத்து மருத்துவமனைகளில் இது வழக்கமான முறைதான். உடம்புக்குள்ளேயே இருப்பதால் எலும்பு பெரும்பாலும் கெடாது, உறைநிலைப் பெட்டியும் தேவையில்லை.

சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேர சிகிச்சையைத் தமிழக அரசு 2021 டிசம்பரிலிருந்து ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் பார்த்துக்கொள்கிறது. மகன் அன்று இரவு பணத்துக்கு அலையவில்லை. அதற்குப் பிறகானது முதலமைச்சர் காப்பீட்டில் போனது.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். “வீக்கம் குறைய ஸ்டீராய்டு ஏன் போடவில்லை?” என்று மாஸ்டரின் மச்சான் ரொம்ப நாள் கோபமாக இருந்தார். மூளைக் கட்டி இருந்த மச்சானுடைய அப்பாவுக்கு ஸ்டீராய்டு கேட்டிருந்தது, அதனால் வந்த கேள்வி. கட்டியைச் சுற்றிய வீக்கத்துக்கு அது உதவும். தலைக்காயத்தில் கெடுதல். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்து நடந்து 2004-ல் வெளிவந்த ‘கிராஷ்’ ஆய்வில், ஸ்டீராய்டு போட்டவர்களில் இரண்டு வாரத்துக்குள் 21 சதவீதம் பேர் இறந்தார்கள். போடாதவர்களில் 18 சதவீதம். அதற்குப் பிறகு தலைக்காயத்துக்கு அதைப் போடுவதை உலகம் முழுக்க நிறுத்திவிட்டார்கள். இதைப் பொறுமையாகச் சொன்னபோது மச்சானின் கோபம் தணிந்தது.

காய்ச்சல் மாதிரி இருந்தது காய்ச்சல் இல்லை

ஏழாம் நாள் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். வென்டிலேட்டரிலிருந்து மெல்ல விடுவிக்கும் நேரத்தில் புதிதாக ஒன்று தொடங்கியது. திடீரென்று உடம்பு தீயாகச் சுடும், இதயத்துடிப்பு 140-க்கு ஏறும், ரத்த அழுத்தம் 180-ஐத் தாண்டும், படுக்கை நனையும் அளவுக்கு வேர்க்கும், கைகால் விறைத்து முறுக்கும். கால் மணியோ அரை மணியோ இருந்துவிட்டுத் தானாக அடங்கும். ஒரு நாளில் பல தடவை.

ஐசியூவில் காய்ச்சல் என்றால் முதலில் கிருமித் தொற்றைத்தான் தேட வேண்டும், தேடினார்கள். நுரையீரல், சிறுநீர், ரத்தம் எல்லாவற்றையும் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். எதிலும் கிருமி வளரவில்லை. விறைப்பைப் பார்த்து வலிப்போ என்று, மூளையின் மின்துடிப்பைப் பதியும் இஇஜி எடுத்தார்கள், வலிப்பும் இல்லை. அவருடைய அம்மா பாண்டி கோயில் திருநீற்றைப் பொட்டலமாகக் கட்டித் தலையணைக்கு அடியில் வைத்தார். அந்த அம்மா சொன்ன ஒரு விஷயம்தான் நோயை அடையாளம் காட்டியது என்று செவிலியர் குறிப்பில் இருக்கிறது: “சளி உறிஞ்சுற மெஷினை வச்சாலே, இல்லைன்னா புரட்டிப் போட்டாலே வந்துருதும்மா. சும்மா கெடக்கையில வரலை.”

அடிபட்ட மூளை, உடம்பின் தானியங்கி நரம்பு மண்டலத்தின் கடிவாளத்தை விட்டுவிடும்போது இப்படி வரும். சின்னத் தொடுதலுக்குக்கூட உடம்பு உயிராபத்து வந்தது போலப் பொங்கும். புரோப்ரனலால், காபாபென்டின் மாத்திரைகளைத் தொடங்கினார்கள். சளி எடுப்பதற்கு முன்பே வலி மருந்து, ஒரே நேரத்தில் எல்லா வேலையையும் முடித்துவிட்டு அறையை அமைதியாக விடுவது, சிறுநீர்க் குழாய் அடைக்காமல் பார்த்துக்கொள்வது என்று பழக்கத்தையும் மாற்றினார்கள். சில நாட்களில் பொங்குவது வெகுவாகக் குறைந்தது. ஆன்டிபயாடிக்கையும் நிறுத்தினார்கள்.

உப்பு

பன்னிரண்டாம் நாள், கண் திறக்கத் தொடங்கியிருந்தவர் மறுபடி மயங்கினார். ஸ்கேன் எடுத்தார்கள், புதிதாக ரத்தக்கசிவு இல்லை. ரத்தத்தில் சோடியம் 119. சாதாரணமாக 135-லிருந்து 145 வரை இருக்க வேண்டும்.

தலைக்காயத்தில் சோடியம் குறைய இரண்டு முக்கிய வழிகள் உண்டு. ஒன்றில், உடம்பு தண்ணீரை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், அதில் உப்பு நீர்த்துப்போகும். இன்னொன்றில், சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் சேர்த்துக் கொட்டிவிடும். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகத் தெரியும், ஆனால் சிகிச்சை நேரெதிர். முதல் வகைக்குத் தண்ணீரைக் குறைக்க வேண்டும். இரண்டாவது வகைக்குத் தண்ணீரைக் குறைத்தால் ரத்த ஓட்டம் குறைந்து, காயம்பட்ட மூளை இன்னும் கெடும். மாஸ்டருக்குச் சிறுநீர் ஏராளமாகப் போயிருந்தது, நாக்கு வறண்டிருந்தது, ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. ஆகவே இரண்டாவது வகை. 3 சதவீத உப்பு நீரும், உப்பைப் பிடித்து வைக்கும் ஃப்ளூட்ரோகார்டிசோன் மாத்திரையும் கொடுத்தார்கள். ஒரு நாளில் 8 எண்ணுக்கு மேல் ஏறாதபடி, மணிக்கணக்கில் சோதித்து ஏற்றினார்கள். வேகமாக ஏற்றினால் மூளைத்தண்டு பழுதாகிவிடும்.

ஏழு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். தொண்டைக் குழாயை எடுத்தாகிவிட்டது. மண்டை அடித்தள உடைவு ஆறிவிட்டதால் மூக்கு வழியாக உணவுக் குழாய். இடது கை, கால் பலவீனம். ஓரிரு வார்த்தை பேசுவார். வலது பக்கத் தலையில் எலும்பு இல்லாத பள்ளம்.

வீட்டில் முதல் மாதமே மறுபடி மயக்கம். சோடியம் 124. என்ன கொடுக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டபோது தெரிந்தது, பார்க்க வந்த பெரியவர் ஒருவர் “தலையில ஆபரேஷன் பண்ணவருக்கு உப்பு ஆகாது, பிரஷர் ஏறிரும்” என்று சொல்ல, குழாயில் விடும் கஞ்சியில் உப்பை அறவே நிறுத்தியிருக்கிறார்கள். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். டிஸ்சார்ஜ் காகிதத்தில் மருந்துப் பெயர்களுக்கு நடுவே உப்பு மாத்திரையும் இருந்தது. அது தீர்ந்ததும் வாங்கவில்லை, ‘வெறும் உப்புதானே’ என்று நினைத்துவிட்டார்கள். உப்பை உணவில் சேர்த்து, மாத்திரையையும் தொடர்ந்தோம். வாரம் ஒரு தடவை சோடியம் பார்த்தோம். இரண்டு மாதத்தில் மாத்திரை தேவைப்படவில்லை.

இடுப்பு

மூன்றாம் மாதத்தில் இடது தொடையும் இடுப்பும் வீங்கின. தொட்டால் சுட்டது, புரட்டும்போது முகம் சுளித்தார். படுக்கையில் கிடக்கும் ஒருவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கினால் முதலில் பயப்பட வேண்டியது காலின் ரத்தக்குழாயில் கட்டியிருக்குமோ என்பது. அது நுரையீரலுக்குப் போனால் உயிர் போகும். அன்றே டாப்ளர் ஸ்கேனுக்கு அனுப்பினேன், ரத்தக்கட்டு இல்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் எலும்பு வளரும்போது ரத்தத்தில் கூடும் ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் என்ற நொதி ஏறியிருந்தது. மூன்று வாரம் கழித்து மறுபடி எடுத்த எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டைச் சுற்றித் தசைக்குள் மேகம் போல வெள்ளையாகத் தெரிந்தது. எலும்பு இருக்கக் கூடாத இடத்தில் எலும்பு வளர்கிறது. கடுமையான தலைக்காயத்துக்குப் பிறகு இடுப்பிலும் முழங்கையிலும் இப்படி வரும்.

இந்த நேரத்தில் எண்ணெய் போட்டு நீவி, மடங்காத காலை ஆள் பிடித்து மடக்கும் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொன்னேன். பலவந்தமாக மடக்கினால் தசை கிழியும், ரத்தம் கசியும், வலியும் கூடும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் பெண்ணும் நானும் பேசி, வலி வரும் எல்லைக்கு உள்ளேயே தினமும் மென்மையாக அசைக்கும் முறையை மனைவிக்குப் பழக்கினோம். சிறுநீரகத்தைச் சோதித்துவிட்டு, வலியையும் அழற்சியையும் குறைக்கும் இன்டோமெதசின் மாத்திரை கொடுத்தேன். மூட்டு முழுதாகப் பூட்டிக்கொள்ளவில்லை, ஆனால் சம்மணம் போட முடியாது.

நின்றுபோன முன்னேற்றம்

இந்த நோயாளியிடம் நான் கற்றதில் பெரும்பகுதி நான்காவது, ஐந்தாவது மாதங்களில்தான்.

மாஸ்டர் நன்றாக வந்துகொண்டிருந்தார். வாயால் கஞ்சி குடித்தார், மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், இருவர் பிடித்தால் நாலு எட்டு வைத்தார். அப்புறம் நின்றுவிட்டது. பேச்சு குறைந்தது. கேட்டதற்கு நேரம் கழித்து ஒரு வார்த்தை. பகலெல்லாம் தூக்கம். சிறுநீர் வருகிறது என்று சொல்லத் தொடங்கியிருந்தவர் மறுபடி படுக்கையிலேயே போனார். நிற்க வைத்தால் கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல நின்றார். வீட்டில் எல்லோரும், இவ்வளவுதான் இனி என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

மனைவி மட்டும் சும்மா இருக்கவில்லை. “சார், போன மாசம் அவுக பேசுனாக. இப்ப பேசல. மருந்து அதேதான், சாப்பாடும் அதேதான். அப்ப என்னமோ நடந்திருக்குல்ல?” என்று கேட்டார். இந்தக் கேள்வி எந்த ஸ்கேனுக்கும் குறைந்ததில்லை. தலைக்காயத்திலிருந்து மீள்வது மெதுவாக நடக்கும், சில மாதம் ஒரே இடத்தில் நிற்கவும் செய்யும். ஆனால் வந்த திறமை போகக் கூடாது. பின்னுக்குப் போனால் அது புது நோய் என்று எடுத்துக்கொண்டு காரணம் தேட வேண்டும்.

தலையைப் பார்த்தேன். எலும்பு இல்லாத இடத்தில் பள்ளம் போய், தோல் மேடாக விம்மி, தொட்டால் இறுக்கமாக இருந்தது. வீட்டில் இதை நல்ல அறிகுறி என்று நினைத்திருந்தார்கள். “பள்ளம் தூர்ந்து தலை பழைய மாதிரி ஆயிருச்சு, எலும்பு வளருதுன்னு சந்தோசப்பட்டோம்” என்றார் அம்மா. எடுத்த எலும்பு தானாக வளராது. விம்மியிருந்தால் உள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். எலும்பை எடுத்த நிலையில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பும்போது இந்த ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்ப வேண்டும்: அந்தப் பள்ளம் நிரம்பி இறுகினாலும் வாருங்கள், குழிந்து உள்ளே ஒட்டினாலும் வாருங்கள்.

மூளைக்குள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ அரை லிட்டர் மூளைத் தண்டுவட நீர் சுரக்கிறது. எந்த நேரத்திலும் உள்ளே இருப்பது சுமார் 150 மில்லி. மீதி மூளையின் மேற்பரப்பில் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் கலந்துவிடும். அடிபட்டபோது கசிந்த ரத்தம் உறிஞ்சும் இடங்களை அடைத்துவிட்டால், நீர் தேங்கி மூளையின் உள்ளறைகள் உப்பும். அன்று எடுத்த சிடி ஸ்கேனில் உள்ளறைகள் உப்பியிருந்தன. முதல் ஸ்கேன் படத்தைக் குடும்பம் பத்திரமாக வைத்திருந்ததால் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிந்தது. காயத்தால் மூளை சுருங்கினாலும் அறைகள் பெரிதாகத் தெரியும். சுருக்கம் என்றால் தலையில் எலும்பில்லாத இடம் இப்படி விம்மாது, பேச்சும் இவ்வளவு சீக்கிரம் பின்வாங்காது.

நரம்பு அறுவை சிகிச்சையாளர் மறுவாரமே ஷன்ட் வைத்தார்: மூளையின் உள்ளறையிலிருந்து காதுக்குப் பின்னால், கழுத்து, நெஞ்சுத் தோலுக்கு அடியில் இறங்கி வயிற்றுக்குள் நீரை விடும் மெல்லிய குழாய். பத்து நாளில் மாஸ்டர் விழித்திருக்கத் தொடங்கினார். மூன்றாம் வாரம் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று தானே சொன்னார். மகள் எனக்குப் போன் செய்து சொன்ன செய்தி அது.

அப்புறம் எதிர்ப்பக்கம் ஒரு தொல்லை. நீர் வடிந்ததும் எலும்பில்லாத இடம் ஆழமாகக் குழிந்தது. உட்கார வைத்தால் தலைவலியும் வாந்தியும், படுத்தால் சரியாகும். வெளிக்காற்றின் அழுத்தம் நேராக மூளையின் மேல் விழுவதால் வருவது இது. எலும்பை வைத்து மூடுவதுதான் மருந்து. வயிற்றிலிருந்து எலும்பை எடுத்தபோது ஓரம் கொஞ்சம் கரைந்திருந்தது, ஆனாலும் பொருந்தியது. தலை மூடிய பிறகு இடது காலிலும் பலம் கூடியது. ஆறாம் மாத முடிவில் வாக்கரோடு வீட்டுக்குள் நடந்தார்.

ஷன்ட் உள்ளவருக்குக் காய்ச்சல், வாந்தி, வயிற்றுவலி, அதிகத் தூக்கம் எது வந்தாலும் குழாய் அடைத்திருக்கிறதா, கிருமி ஏறியிருக்கிறதா என்று அன்றே பார்க்க வேண்டும். அவர் வீட்டுச் சுவரில் இதை எழுதி ஒட்டியிருக்கிறோம்.

வலிப்பு

எட்டாம் மாதம் ஒரு விடியற்காலை வலிப்பு வந்தது. கையில் இரும்புச் சாவியைத் திணித்து, வாயில் கரண்டியை விட்டு, கீழ்ப்பல் ஒன்று ஆடிப்போயிருந்தது. சாவியால் எதுவும் நிற்பதில்லை. வாயில் எதையும் வைக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, எச்சில் வெளியே வடிய விட்டு, நேரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108.

“ஆஸ்பத்திரியில வலிப்பு மாத்திரையை ஒரு வாரத்துலயே நிறுத்திட்டாங்க, அதான் வந்துருச்சு” என்று மகன் வருத்தப்பட்டான். அவர்கள் செய்தது சரிதான். முதல் வார வலிப்பை அந்த மருந்து தடுக்கும். பிற்காலத்தில் வரப்போகிற வலிப்பை முன்கூட்டியே தடுக்காது என்று 1990-லேயே ஆய்வில் தெரிந்துவிட்டது. கடுமையான தலைக்காயம் பட்டவர்களில் ஐந்து ஆண்டுகளுக்குள் 10 சதவீதம் பேருக்கும், முப்பது ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 17 சதவீதம் பேருக்கும் வலிப்பு வந்ததாக 1998-ல் வெளியான அமெரிக்க ஆய்வு சொல்கிறது. முதல் வாரம் கடந்து ஒரு தடவை வந்துவிட்டால், பெரும்பாலானவர்களுக்கு மறுபடி வரும். அதனால் மாத்திரையைத் தொடங்கினோம். ஷன்ட் சரியாக வேலை செய்கிறதா என்று ஸ்கேனும், சோடியமும் பார்த்தோம், இரண்டும் சரி.

லெவிடிராசெட்டம் என்ற அந்த மாத்திரையைத் தொடங்கிய சில வாரங்களில் வலிப்பு நின்றது, ஆனால் கோபம் பொறுக்க முடியாததாகிவிட்டது. தட்டை எறிந்தார், மகள் மேல் கை ஓங்கினார். நெற்றிப் பகுதி மூளையில் காயம் இருப்பவருக்குக் கோபம் வரும், உண்மைதான். ஆனால் இந்தக் கோபத்துக்குத் தொடங்கிய தேதி இருந்தது. அந்த மருந்துக்கு எரிச்சலைக் கூட்டும் குணம் உண்டு. ஈரலைச் சோதித்துவிட்டு வால்புரோயேட் என்ற வேறு வலிப்பு மருந்துக்கு மெல்ல மாற்றினோம். பழைய அளவுக்கு அமைதி வரவில்லை, தட்டு பறப்பது நின்றது. மகள் அவர் பக்கத்தில் மறுபடி உட்காரத் தொடங்கினாள்.

சோம்பல் என்று பேர் வாங்கிய நோய்

ஓராண்டு முடிந்து, நடமாட்டம் வந்த பிறகு, மாஸ்டர் படுத்துவிட்டார். காலையில் எழ மாட்டார், வெயில் காலத்திலும் போர்வை, பசியில்லை, எழுந்து நின்றால் கண் இருட்டும், மனைவியிடம் நெருக்கம் இல்லை, தாடி வளர்வதும் குறைந்தது. மனச்சோர்வு என்று வேறோரிடத்தில் மாத்திரை தொடங்கியிருந்தார்கள். தைராய்டும் பார்த்திருந்தார்கள்: தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் 2.1, ‘நார்மல்’ என்று எழுதியிருந்தது. ஊரில் “உக்காந்து சாப்பிட்டுப் பழகிட்டாரு” என்று பேச்சு. மூன்று மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டிய மனிதர் இவர். அந்தப் பேச்சு மனைவியை ரொம்பக் காயப்படுத்தியது.

மூளைக்கு அடியில், மெல்லிய காம்பில் தொங்கி மற்றச் சுரப்பிகளை ஆளும் பிட்யூட்டரி சுரப்பி, தலை ஆடும் வேகத்தில் ரத்த ஓட்டம் அறுந்து பழுதாகலாம். அதன் விளைவு மாதங்கள் கழித்தும் வெளிப்படும். பிட்யூட்டரி பழுதானால் டிஎஸ்எச்சை மட்டும் பார்ப்பது ஏமாற்றிவிடும். ஏனென்றால் டிஎஸ்எச்சைச் சுரப்பதே அந்தச் சுரப்பிதான். தைராய்டு குறைந்தாலும் அதனால் டிஎஸ்எச்சை ஏற்ற முடியாது. கூடவே தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4-ஐயும் பார்க்க வேண்டும். அவருக்கு அது குறைந்திருந்தது. உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசால் காலை எட்டு மணிக்கு 2.4, இவ்வளவு கீழே இருந்தாலே பற்றாக்குறை ஏறத்தாழ உறுதி. டெஸ்டோஸ்டிரோன் குறைவு, அதைத் தூண்டும் ஹார்மோன்களும் ஏறவில்லை. சோடியம் 130, குடும்பம் மறுபடி கஞ்சியில் உப்பு கூட்டியிருந்தார்கள், ஆனால் இந்த முறை காரணம் கார்டிசால்.

சிகிச்சையில் வரிசை முக்கியம். முதலில் கார்டிசாலை ஈடுகட்டும் ஹைட்ரோகார்டிசோன், அப்புறம்தான் தைராய்டுக்கான தைராக்சின். மாற்றிக் கொடுத்தால், இருக்கிற கொஞ்சக் கார்டிசாலும் வேகமாகச் செலவாகி உயிருக்கே ஆபத்தாகும். காலை 10 மில்லிகிராம், பிற்பகல் 5 என்று தொடங்கி, ஒரு வாரம் கழித்துத் தைராக்சின் சேர்த்தோம். முதல் மாத்திரை போட்ட வாரத்திலேயே எழுந்து திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார். முதல் இரவு ஸ்டீராய்டு ஏன் போடவில்லை என்று கேட்ட மச்சான், இப்போது ஏன் போடுகிறீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்று கேட்டது வீக்கத்துக்கு மருந்தாக, பெரிய அளவில். இது உடம்பு தானே சுரக்க வேண்டியதை அதே அளவில் ஈடுகட்டுவது.

காய்ச்சல் வந்தால் மாத்திரையை இரட்டிப்பாக்க வேண்டும், வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் ஊசி போட வேண்டும், எந்தக் காரணத்துக்காகவும் திடீரென்று நிறுத்தக் கூடாது. இதை ஒரு அட்டையில் எழுதி அவருடைய சட்டைப்பையில் வைத்திருக்கிறோம்.

மணம்

இவ்வளவுக்கும் நடுவில் அவருக்கு மணம் தெரியாது என்பதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒருநாள், பால் பொங்கித் தீய்ந்துகொண்டிருந்தபோது அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார் என்று மனைவி சொன்ன பிறகுதான் சோதித்தேன். காப்பித்தூள், பெருங்காயம், கற்பூரம் எதுவும் தெரியவில்லை. மண நரம்பின் நுண்ணிழைகள் மூக்கின் கூரையில் இருக்கும் சல்லடை எலும்பின் துளைகள் வழியாக மேலே போகின்றன. தலை மோதி மூளை நகரும்போது அவை அறுந்துவிடும். அவருக்கு உடைந்ததும் அந்த இடம்தான்.

கிராம்பு, எலுமிச்சை, யூகலிப்டஸ் தைலம், ரோஜாவுக்குப் பதில் வீட்டில் கிடைக்கும் மல்லிகை என்று நான்கை வைத்து, தினம் இரண்டு வேளை முகர்ந்து பழகும் பயிற்சியைக் கொடுத்தேன். அடிபட்டு அறுந்த மணத்துக்கு இதில் பலன் குறைவு என்பதையும், ஓராண்டு கடந்தால் திரும்பும் வாய்ப்பு சுருங்கிவிடும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். திரும்பவில்லை.

உப்பு, புளிப்பு, காரம், இனிப்பு நாக்கில் தெரிகிறது. அதனால் ரசத்தில் உப்பைச் சரியாகச் சொல்லிவிடுவார். மசாலா வறுபட்ட பக்குவம், நெய் பழசா புதுசா, கறியில் கவிச்சி போனதா என்பதெல்லாம் மூக்கின் வேலை. சமைப்பவருக்கு இது கையை இழந்ததற்குச் சமம். இதற்கு அவர் அழுதது போலத் தலை எலும்பு இல்லாமல் கிடந்தபோதுகூட அழவில்லை. இந்தக் கேள்வியை இப்போது தலைக்காயத்தோடு வரும் எல்லோரிடமும் முதல் மாதத்திலேயே கேட்கிறேன். காஸ் கசிந்தால் தெரியாது, ஊசிப்போன சோறும் தெரியாது என்பதால் வீட்டிலும் எச்சரிக்கை வேண்டும். காஸ் கசிவுக்கு ஒலி எழுப்பும் கருவி ஒன்றை மகன் வாங்கி மாட்டினான்.

இப்போது

அடுப்புக்கும் எண்ணெய்க் கொப்பரைக்கும் பக்கத்தில் அவர் நிற்கக் கூடாது. வலிப்பு வந்தால் விழும் இடம் நெருப்பாக இருக்கும். பைக்கும் கிடையாது. இந்த எல்லைக்குள் அவரும் மகனும் ஒரு வழி பிடித்திருக்கிறார்கள். மண்டபத்தில் கொட்டகைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காருகிறார். எத்தனை பேருக்கு எத்தனை படி என்ற கணக்கு அவருக்கு இன்னும் பிசகுவதில்லை. சாமான் பட்டியலை அவர் சொல்ல மகன் எழுதுகிறான். மல்லி வறுபடும் நிறத்தைத் தட்டில் கொண்டுவந்து காட்டச் சொல்கிறார், மணத்தை மகன் சொல்கிறான். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கவனம் நிற்பதில்லை, சத்தம் தாங்கவில்லை; அதனால் முகூர்த்த நாள் காலையில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நூறு நாள் வேலையை விட்டு இரண்டு ஆண்டு இரவும் பகலும் பார்த்த மனைவிக்கு ரத்த அழுத்தம் வந்திருக்கிறது. அவருக்கும் இப்போது என்னிடம் தனி நோட்டு.

மீதி இருப்பது இடுப்பு. வளர்ந்த எலும்பு முதிர்ந்துவிட்டது. எலும்பு மருத்துவர் அதை எடுத்துவிடலாம் என்கிறார், மாஸ்டர் தை முகூர்த்தங்கள் முடியட்டும் என்கிறார். அவசரம் இல்லாத அறுவை என்பதால் அவர் விருப்பப்படியே விட்டிருக்கிறோம். அறுவைக்கு அனுப்பும் கடிதத்தை இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன். அதன் முதல் வரி: மயக்க மருந்து தொடங்கும்போதே ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட வேண்டும். இரண்டாவது: வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. மூன்றாவது: ஷன்ட் குழாய் வலது பக்கக் கழுத்திலும் நெஞ்சிலும் ஓடுகிறது, அந்தப் பக்கம் ஊசிக் குழாய் செருக வேண்டாம்.